முகம் ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம்: ஊவாவின் மலைவீதிகளும் பக்கச்சறுக்குக் கோணமும்

லுணுகலையிலிருந்து பசறைக்கு வரும் வீதியில், மழை விட்ட கையோடு ஏதாவது ஒரு வளைவில் நின்று பார்க்க வேண்டும். மேட்டுப்பக்கத் தேயிலை மலையிலிருந்து கழுவி வந்த செம்மண் கானை அடைத்து, வழிந்து, தாரின் குறுக்கே மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். கொழுந்து லொறி அதன்மேல் ஏறும்போது முன்சக்கரங்கள் டிரைவர் திருப்பிய பக்கம் பார்க்கின்றன. பின்பகுதியோ பள்ளத்துப் பக்கமாக அரை அடி நகர்கிறது. வண்டியின் முகம் ஒரு திசையில் இருக்க, அதன் உண்மையான போக்கு இன்னொரு திசையில் இருக்கிறது. இவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைத்தான் வாகனப் பொறியியலில் பக்கச்சறுக்குக் கோணம் என்கிறோம்.

மிகச் சிறிய கோணம் அது. வறண்ட தார்வீதியில் சாதாரணமாக ஓட்டும் ஒருவர் 2 பாகைக்கு மேல் அதைச் சந்திப்பது அரிது. ஏறத்தாழ 12 பாகையை எட்டினால் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி கேட்பதில்லை. வழவழப்பான பனிக்கட்டியில் அந்த எல்லை வெறும் 2 பாகை. ஊவாவின் மழைச்சேறு இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பது அன்றைய மழையையும் அந்த வளைவையும் பொறுத்தது. ஓடும் வண்டிக்குள் இருந்துகொண்டு இந்தக் கோணத்தை எப்படி அறிவது என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பொறியியலாளர்கள் உழைத்துவருகிறார்கள். அந்த உழைப்பு எங்கே வந்து நிற்கிறது, பதுளை மாவட்டத்துத் தோட்ட வீதிகளுக்கு அதில் எது பயன்படும், எது பயன்படாது என்று பார்ப்பதே இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைவீதியில் இந்தக் கோணத்தின் முதல் பயனாளி வண்டி ஓட்டுபவராக இருக்க முடியாது. வீதியைப் பராமரிப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

நேரடியாக அளந்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அளக்கலாம். வண்டியின் வெளிப்புறத்தில் பொருத்தி, கீழே ஓடும் வீதியின் சொரசொரப்பை ஒளியால் வாசித்து, முன்நோக்கிய வேகத்தையும் பக்கவாட்டு வேகத்தையும் தனித்தனியே தரும் உணரிகள் உண்டு. கிஸ்லர் நிறுவனத்தின் கொர்விட் உணரிகள் சோதனைத் தடங்களில் எல்லோரும் உரைகல்லாக வைத்துக்கொள்பவை. ஆனால் அவற்றின் விலை சாதாரண வண்டிக்குக் கட்டுப்படியாகாது. தண்ணீரும் சேறும் கண்ணாடியில் தெறித்தால் வாசிப்பு கெட்டுவிடும். நமக்கு அந்தக் கோணம் தேவைப்படுவதோ சரியாகச் சேறு தெறிக்கும் நேரத்தில்தான். எனவே உற்பத்தியாகி வரும் வண்டி எதுவும் இதை அளப்பதில்லை, மதிப்பிடுகிறது. 2007இல் அமெரிக்கா இயற்றிய 126ஆம் இலக்க வாகனப் பாதுகாப்பு விதி இதை ஒளிக்காமல் சொல்கிறது: நிலைப்புக் கட்டுப்பாடு வண்டியின் சுழல் வேகத்தை அறிய வேண்டும்; பக்கச்சறுக்கை, அல்லது அது மாறும் வீதத்தை, மதிப்பிட வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு தொடராக வந்தது 1995இல். பொஷ் நிறுவனத்தில் அன்டன் வான் சான்டன் தலைமையில் உருவான ஈ.எஸ்.பி. அமைப்பு அந்த ஆண்டு மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரில் ஏறியது. இரண்டே ஆண்டில், 1997 ஒக்டோபரில், சுவீடனில் ஒரு சஞ்சிகையின் சோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸின் சிறிய ஏ வகுப்புக் கார் சட்டென்று விலகித் திரும்பும்போது கவிழ்ந்தது. அதன்பின் அந்தச் சிறிய காருக்கும் ஈ.எஸ்.பி. கட்டாயமாகப் பொருத்தப்பட்டது, விலையுயர்ந்த கார்களின் வசதியாக இருந்தது எல்லோருடைய பாதுகாப்பு என்ற நிலைக்கு அப்போதுதான் வந்தது. டொயோட்டா தன் அமைப்புக்கு வி.எஸ்.சி. என்று பெயரிட்டது. ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியாகிப் பதுளை நகரில் திரியும் பல கார்களின் டாஷ்போர்டில், பின்னால் இரண்டு நெளிகோடுகளோடு ஒரு காரின் படம் மஞ்சளாக எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீர்கள். அது எரியும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு நிரல் இந்தக் கோணத்தையோ அதன் வளர்ச்சியையோ ஊகித்து முடித்திருக்கிறது.

அந்த ஊகத்துக்குக் கைவசம் இருப்பவை மிகக் குறைவு: ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது, நான்கு சக்கரங்களும் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன, வண்டி தன்னைத்தானே சுற்றும் வேகம் என்ன, பக்கவாட்டு ஆர்முடுகல் என்ன. இந்த நான்கையும் கொண்டு கோணத்துக்குப் போக இரண்டு பாதைகள் உள்ளன.

முதலாவது, இயக்கக் கணக்கு. பக்கவாட்டு ஆர்முடுகல்மானி காட்டும் எண்ணிலிருந்து, வண்டி வளைவதால் இயல்பாகவே எழும் பங்கை (முன்நோக்கிய வேகத்தைச் சுழல் வேகத்தால் பெருக்கி வருவதை) கழித்தால், மிஞ்சுவது பக்கவாட்டு வேகம் வளரும் வீதம். அதைச் செக்கனுக்குச் செக்கன் தொகையிட்டால் பக்கவாட்டு வேகம். அதை முன்நோக்கிய வேகத்தால் வகுத்தால் கோணம். டயரைப் பற்றியோ வண்டியின் பாரத்தைப் பற்றியோ எதுவும் தெரிய வேண்டியதில்லை என்பது இதன் அழகு. தொகையிடல்தான் இதன் வினை. கொழுந்து நிறுக்கும் தராசு ஒவ்வொரு தடவையும் 200 கிராம் குறைத்துக் காட்டினால், ஒரு நிறுவையில் அது கண்ணுக்குத் தெரியாது; மாதக் கணக்கில் ஒரு பெண்ணின் கூலியையே தின்றுவிடும். உணரியின் சிறு பிழையும் அப்படியே சேர்ந்துகொண்டு போகிறது.

அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் ஊவாவின் சிக்கல் புரியும். வீதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், புவியீர்ப்பின் ஒரு பகுதியையும் ஆர்முடுகல்மானி பக்கவாட்டு ஆர்முடுகலாகக் காட்டிவிடுகிறது. 1 பாகைச் சாய்வு செக்கன் வர்க்கத்துக்கு 0.17 மீற்றர். அதைக் கழிக்காமல் 5 செக்கன் தொகையிட்டால் செக்கனுக்கு 0.86 மீற்றர் என்ற பொய்யான பக்கவாட்டு வேகம். அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு இது 2 பாகைக்கும் குறைந்த கோணப் பிழை. எல்லவிலிருந்து இறங்கும் பஸ் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் அதே பிழை 6 பாகை. வேகம் குறையக் குறைய இந்தப் பிழை பெருகுகிறது. ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் கவலைப்படும் இன்னொரு பிழையான, சுழல் வேகத்தை அளக்கும் கைரோவின் விலகல் இங்கே அவ்வளவு தொல்லை தருவதில்லை. செக்கனுக்கு 0.1 பாகை விலகினாலும் 30 கிலோமீற்றர் வேகத்தில் அதன் பாதிப்பு, 1 பாகைச் சாய்வின் பாதிப்பில் பத்திலொரு பங்குகூட இல்லை. ஆகவே மலைவீதிக்காரர்கள் அதிக விலை கொடுத்து நல்ல கைரோ தேட வேண்டாம். வீதியின் சாய்வை அறிவதற்கு அந்தப் பணத்தைச் செலவிட வேண்டும்.

ஃபோர்ட் நிறுவனத்தின் எரிக் செங் 2001இல் வீதிச் சாய்வை ஓட்டத்திலேயே மதிப்பிடும் முறை ஒன்றை வெளியிட்டார். அந்தக் கட்டுரையை வாசிக்கும் எவருக்கும் சிக்கலின் ஆணிவேர் தெரிந்துவிடும். வண்டி மெதுவாக, சீராக வெளிப்பக்கம் நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்முடுகல்மானிக்கும் கைரோவுக்கும் அந்த நழுவலும் 1 பாகை அதிகமாகச் சாய்ந்த வீதியும் ஒன்றேதான். திடீரென்று நிகழும் சறுக்கலைச் சாய்விலிருந்து பிரித்துவிடலாம். வீதி அவ்வளவு வேகமாகச் சாயாது என்ற துணிவு போதும். மெல்லிய நழுவலைப் பிரிக்க முடியாது. செம்மண் பூச்சின்மேல் பாரமான லொறி நகர்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

நம் வீதிகளோ அந்தத் துணிவுக்கும் இடம் தருவதில்லை. பேராதனையிலிருந்து வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை வழியாகச் செங்கலடி போகும் ஏ5, பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல வரும் ஏ16, எல்லவையும் வெல்லவாயவையும் இணைக்கும் ஏ23 ஆகிய பெரிய வீதிகளில் வளைவுகளுக்கு முறையான உள்சாய்வு உண்டு. அவற்றிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் இறங்கிய உடனே கணக்கு மாறுகிறது. பள்ளத்துப் பக்க ஓரம் அமிழ்ந்து, வளைவு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். தண்ணீர் வடியக் குறுக்கே வெட்டிய இடத்தில் சாய்வு இரண்டு வண்டி நீளத்துக்குள் இடமிருந்து வலமாக மாறிவிடும். வண்டியின் உடலும் தன் வில்தகடுகளின் மேல் சாய்ந்தாடும். ஆர்முடுகல்மானி இத்தனையையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது.

இரண்டாவது பாதை, வண்டியை ஒரு மாதிரியாக எழுதிக்கொள்வது. ரீக்கர்ட்டும் ஷுங்க்கும் 1940இல் ஜெர்மனியில் எழுதிய மாதிரி இன்றும் பாடப்புத்தகங்களின் முதல் அத்தியாயத்தில் நிற்கிறது: முன்சக்கரம் இரண்டையும் ஒன்றாகவும் பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகவும் எண்ணி, நான்கு சக்கர வண்டியை இருசக்கர வண்டியாகச் சுருக்கிவிடுவது. ஸ்டியரிங் கோணத்தையும் வேகத்தையும் கொடுத்தால் பக்கச்சறுக்கு என்னவாக இருக்க வேண்டும் என்று அது சொல்லும். தொகையிடல் பிழை இதில் சேர்வதில்லை. ஆனால் இங்கே டயர் தெரிய வேண்டும். ஒரு டயர் எத்தனை பாகை சறுக்கினால் எவ்வளவு பக்கவிசை தரும் என்ற வளைகோட்டை வரைய, பசெய்க்காவும் அவருடைய சகாக்களும் 1987இல் தந்த ‘மந்திரச் சூத்திரம்’ உலகெங்கும் புழங்குகிறது. சில பாகை வரை விசை நேராக ஏறும், பிறகு வளையும், பிறகு தேங்கும். நேராக ஏறும் பகுதியில் மாதிரி நம்பத்தக்கது. தேங்கும் பகுதியில்தான் விபத்து நடக்கிறது; அங்கே மாதிரி உராய்வுக் குணகத்தை அறிந்தாக வேண்டும்.

தோட்ட லொறியின் டயரை நெருங்கிப் பாருங்கள். முன்னால் ஒரு கம்பனியின் புது டயர், பின்னால் ரீபில்ட் செய்த டயர், அதன் பக்கத்திலேயே கட்டை மொட்டையான இன்னொன்று. தவாளிப்புகளில் செம்மண் இறுகி, இரப்பரும் மண்ணும் ஒரே மட்டமாகிக் கிடக்கும். இந்த டயருக்கு எந்த ஆய்வுகூடமும் வளைகோடு வரைந்ததில்லை. காலையில் வெறும் லொறியாக ஏறிப் பின்னேரம் ஈரக் கொழுந்துச் சாக்குகளோடு இறங்கும்போது, திணிவும் திணிவு மையத்தின் உயரமும் ஒவ்வொரு சக்கரத்தின் மேலுள்ள பாரமும் வேறு. காலை ஆறரை மணிப் பாடசாலை நேரத்துப் பஸ்ஸும் நண்பகலில் அதே பஸ்ஸும் மாதிரியின் கண்ணுக்கு இரண்டு வெவ்வேறு வண்டிகள். ஓட்டுநர் இந்த வேறுபாட்டை ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் உணர்ந்து வேகத்தை மாற்றிக்கொள்கிறார். நிரலுக்கு அதை யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு பாதை வீதியை அறியாமல் தவறுகிறது, மற்றது டயரை அறியாமல் தவறுகிறது. இரண்டையும் பிணைப்பதே கடந்த முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதி வேலை. 1996இல் ஃபாரெலியும் வெல்ஸ்டெட்டும் இயக்கக் கணக்கை ஒரு மதிப்பீட்டு நிரலாக அமைத்து, வண்டி நேராக ஓடும்போது அந்த நிரலுக்குக் கண் தெரியாது, சுழல் வேகம் இருந்தால்தான் பக்கவாட்டு வேகத்தைப் பிடிக்கும் என்று காட்டினார்கள். நேர்பாட்டையே அரிதான பதுளை மாவட்டத்துக்கு இது ஒரு சிறிய அனுகூலம். டொயோட்டாவின் ஃபுக்காடா 1999இல் தொகையிடலையும் மாதிரியையும் சேர்த்து, நிலைமைக்கேற்ப ஒன்றின் பக்கம் அதிகம் சாயும் முறையை எழுதினார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ராஜேஷ் ராஜமணி, ஈட்டன் நிறுவனத்தாரோடு 2009இல் வெளியிட்ட ஆய்வும் இந்த வழியில்தான் போகிறது: மெதுவாக மாறுவதற்கு மாதிரியை நம்பு, சட்டென்று மாறுவதற்கு இயக்கக் கணக்கை நம்பு. அவருடைய ‘வாகன இயக்கவியலும் கட்டுப்பாடும்’ என்ற நூலை இத்துறைக்குள் நுழையும் மாணவர் யாரும் தவிர்க்க முடியாது. அதே ஆண்டில் நோர்வேயின் ஹவார்ட் கிரிப்பும் குழுவினரும் வீதிச் சாய்வையும் உராய்வையும் கோணத்தோடு சேர்த்தே மதிப்பிட்டு, உண்மையான வண்டியில் ஓட்டிக் காட்டினார்கள். கால்மன் 1960இல் தந்த வடிகட்டியும் அதன் பின்வந்த வடிவங்களும் இவை பலவற்றுக்கும் அடியில் இருக்கின்றன: மாதிரி சொல்வதையும் உணரி சொல்வதையும், அவற்றை எவ்வளவு நம்பலாம் என்ற நிறையோடு கலப்பது.

இவற்றைத் தொடர்ந்து வாசிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. சோதனை வண்டி பெரும்பாலும் நல்ல டயர் போட்ட கார். சோதனை இடம் அகன்ற, தட்டையான தடம். மிஞ்சினால் உறைந்த ஏரி. வேகம் 60க்கு மேல். முறைகள் பொய்யென்று நான் சொல்லவில்லை. அவை சரிபார்க்கப்பட்ட எல்லை நம்முடைய வீதிக்கு வெளியே நிற்கிறது.

செய்மதியைக் கொண்டு இந்த முடிச்சை அவிழ்க்கலாம் என்று ஸ்டான்ஃபோர்ட்டில் கெர்டெஸின் ஆய்வுகூடம் 2000களில் காட்டியது. ஜிபிஎஸ் வண்டி போகும் திசையைத் தரும். கூரையில் இரண்டு அன்டெனா வைத்தால் வண்டியின் முகம் பார்க்கும் திசையையும் தரும். இரண்டையும் கழித்தால் கோணம் கையில். பெவ்லி, ரியூ ஆகியோரோடு சேர்ந்து செய்த அந்த ஆய்வில் உடலின் சாய்வும் டயரின் விறைப்பும் கூடவே கிடைத்தன. திறந்த வெளியில் இதைவிடச் சுத்தமான முறை இல்லை. நமுனுகுலையின் அடிவாரத்தில் ஒரு பக்கம் மலைச்சுவர், தலைக்குமேல் யூகலிப்டஸ், கூடவே மூடுபனியும் மழையும் என்றால், மூடுபனி செய்மதியைத் தடுக்காது, மலைச்சுவர் தடுக்கும். பாதி வானம் மறைந்துவிட, எஞ்சிய செய்மதிகளின் சமிக்ஞை ஈர மரங்களுக்குள் தேய்ந்தும் பாறையில் பட்டுத் தெறித்தும் வரும். வளைவின் நடுவில் ஓரிரு செக்கன் திசை தவறினால் போதும், கணக்கு கலைந்துவிடும்.

ஸ்டியரிங் தண்டில் உணரப்படும் முறுக்கத்திலிருந்து முன்டயர் எல்லையை நெருங்குவதை அறியும் வழியும் உண்டு. மின்ஸ்டியரிங் உள்ள கார்களுக்கு அது நல்லது. நம் பஸ்களுக்குப் பொருந்தாது. நரம்பு வலையமைப்புகளுக்குக் கோணத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆய்வுகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் குவிந்துள்ளன. கற்றுக்கொடுத்த வீதியில் அவை மிக நன்றாக வேலை செய்கின்றன. ஊவாவின் வீதியை அவற்றுக்குக் காட்ட, முதலில் ஒருவர் இங்கே அளந்தாக வேண்டும்.

மலைவீதிக்கே உரிய இன்னொரு பொறியை ஆய்வு இலக்கியம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் நடை வேகத்தில், துளியும் சறுக்காமல் திரும்பினாலும் பக்கச்சறுக்குக் கோணம் பெரிதாக இருக்கும். பின்அச்சு உள்ளே வெட்டிக்கொண்டு வர, வண்டியின் நடுப்பகுதி முகத்துக்குச் சாய்வாகவே நகர்கிறது. திணிவு மையம் பின்அச்சுக்கு 2 மீற்றர் முன்னால், வளைவின் ஆரை 15 மீற்றர் என்று கொண்டால் அந்தக் கோணம் ஏறத்தாழ 7½ பாகை. வேகம் ஏற ஏற அது குறைந்து, பூச்சியத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போகும். ஆகவே கார்களுக்கு அமைத்த எச்சரிக்கை எல்லையை அப்படியே பஸ்ஸில் வைத்தால், ஆபத்தில்லாத வளைவில் மணி அடிக்கும். ஆபத்துத் தொடங்கும்போது எண் பூச்சியத்துக்கு அருகில் அமைதியாக இருக்கும். இதற்கு மருந்து எளிது: கோணத்தைத் திணிவு மையத்தில் கணிக்காமல் பின்அச்சில் கணிப்பது. அங்கே அது பின்டயரின் சறுக்கலையே காட்டும். மலைவீதி ஆய்வு எதுவானாலும் இதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

பஸ்ஸுக்குச் சறுக்குவதைவிடக் கவிழ்வது முந்திக்கொள்ளும் நிலையும் உண்டு. 15 மீற்றர் ஆரையுள்ள வளைவை 20 கிலோமீற்றர் வேகத்தில் எடுத்தால் பக்கவாட்டு ஆர்முடுகல் புவியீர்ப்பின் 0.21 பங்கு, 30இல் எடுத்தால் 0.47 பங்கு. பத்துக் கிலோமீற்றர் கூடியதற்கு இரு மடங்குக்கு மேல். உராய்வுக் குணகம் 0.8 உள்ள வறண்ட தாரில் டயர் 39 கிலோமீற்றர் வேகம் வரை பிடிக்கும். ஆனால் நின்றுகொண்டு போகும் பயணிகளோடு உயரமான பஸ் அதற்கு முன்பே உள்சக்கரங்களைத் தூக்கத் தொடங்கலாம். சேற்றில் குணகம் 0.3 என்று கொண்டால் 24 கிலோமீற்றர் வேகத்திலேயே டயர் விட்டுவிடும். வறண்ட நாளில் கவிழும் வண்டி, மழை நாளில் சறுக்கும் வண்டி. இறக்கத்தில் பிரேக்கும் சேர்ந்தால் நிலைமை இன்னும் இறுகும். டயருக்கு உள்ள மொத்தப் பிடியில் பிரேக் எடுத்துக்கொண்டது போக மிச்சமே வளைவுக்கு. சக்கரம் பூட்டுவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத பழைய பஸ்ஸில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் பின்பகுதி சட்டென்று வீசும். சக்கரவேக உணரிகள் ஏ.பி.எஸ்.ஸோடு வருபவை என்பதால், அது இல்லாத வண்டியில் மேலே சொன்ன முறைகள் பலவற்றுக்கு அடிப்படைத் தரவே கிடையாது.

கோணம் பெரிதாக இருப்பதே ஆபத்து என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் மண்தடத்தில் பந்தய ஓட்டுநர்கள் வேண்டுமென்றே பெரிய கோணத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு வளைவைக் கடக்கிறார்கள். தளர்ந்த மண்ணில் டயர் மண்ணை உழுதுகொண்டு போவதால், தாரில் விசை தேங்கிவிடும் கோணத்துக்கு அப்பாலும் அங்கே விசை ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் திருத்துவதற்கு மிஞ்சும் இடைவெளி மிகக் குறுகியது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அதே தடத்தில் ஒரு பந்தயக் கார் விலகிப் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒரு சிறு பிள்ளையும் இருந்தது. தடத்தோரம் நிற்கும் மக்களுக்கும் விலகும் வண்டிக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கேள்விக்கும் இந்தக் கோணத்தைப் பற்றிய அறிவு தேவை. விலகிய வண்டி எந்தத் திசையில் போகும் என்பதை அதன் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இனி, நம் மனங்களில் ஆறாமல் இருக்கும் பஸ் விபத்துகள். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கி வந்த தனியார் பஸ், பசறை 13ஆம் மைல்கல் அருகே பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்தார்கள். சரிந்து விழுந்த பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்து ஒடுக்கியிருந்த இடம் அது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்களை ஏற்றிவந்த பஸ் எதிரே வந்த வாகனத்தில் மோதி, பாதுகாப்பு வேலியையும் உடைத்துக்கொண்டு ஏறத்தாழ ஆயிரம் அடி பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் மாண்டார்கள். எல்லவுக்கும் வெல்லவாயவுக்கும் இடையே வீதி 800 மீற்றருக்கும் மேல் இறங்குகிறது. இந்த இரண்டு விபத்துகளையும் பக்கச்சறுக்கு மதிப்பீடு தடுத்திருக்கும் என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. ஒடுங்கிய வீதி, இறக்கம், பிரேக், களைப்பு, வேலியின் வலிமை என்று காரணங்கள் வேறு பக்கம் நிற்கின்றன. சறுக்கல் தன் பங்குக்குச் செய்வது பெரும்பாலும் செய்தியாகாத சேதம்: கானுக்குள் இறங்கிய வேன், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுபோன லொறி, பிரசவத்துக்குப் போகும் வழியில் வளைவில் சிக்கிக்கொண்ட த்ரீவீலர். அவற்றில் ஒன்று பள்ளத்துப் பக்கம் நிகழ்ந்துவிட்டால் மறுநாள் அதுவும் செய்தி.

அப்படியானால் இந்த அறிவை எதற்குப் பயன்படுத்துவது? ஓட்டுநரை எச்சரிப்பது முதலில் தோன்றும் விடை. அது நடக்காது என்று கணக்கே சொல்கிறது. பின்பகுதி செக்கன் வர்க்கத்துக்கு 1 மீற்றர் ஆர்முடுகலோடு நழுவினால், ஒரு மீற்றர் விலக 1.4 செக்கன் போதும். தோட்ட வீதியின் ஓரத்தில் ஒரு மீற்றர் என்பதே அதிகம். மணி அடித்து, மனிதர் உணர்ந்து, கை அசைவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடிக்கும் அமைப்பு வண்டியிலேயே இருந்தால் மட்டும் அந்தக் கணத்தில் ஏதாவது செய்ய முடியும். அமெரிக்கா பெரிய பஸ்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதியை 2015இல் கொண்டுவந்தது. இங்கே ஓடும் பஸ்களும் லொறிகளும் மாறுவதற்கு இன்னும் ஒரு தலைமுறை பிடிக்கலாம்.

ஆனால் ஊவாவில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, சோதனைத் தடங்களில் அது இல்லை. ஒரே கொழுந்து லொறி ஒரே வீதியில் நாள்தோறும் ஓடுகிறது. பதுளை–லுணுகலை பஸ்ஸும் அப்படித்தான். வறண்ட நாளில், மெதுவான ஓட்டத்தில், சறுக்கல் ஏறக்குறைய இல்லை. அப்போது ஆர்முடுகல்மானியின் எண்ணிலிருந்து வளைவின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது வீதியின் சாய்வும் வண்டி உடலின் சாய்வும்தான். பல நாள் ஓட்டங்களைச் சேர்த்தால் ஒவ்வொரு வளைவின் சாய்வும் தெளிந்து வரும். அதைச் சேமித்து வைக்கலாம். மழை நாளில் அதே இடத்தில் அந்தச் சாய்வைக் கழித்தால் மீதி உண்மையான நழுவல். எரிக் செங் எதிர்கொண்ட முடிச்சு, வீதி முன்கூட்டியே தெரிந்திருந்தால் பெருமளவு அவிழ்ந்துவிடுகிறது. ஜிபிஎஸ் தவறும் இடத்தில்கூட, வளைவுகள் வரும் ஒழுங்கை வைத்தே வண்டி எங்கே நிற்கிறது என்று கைரோ சொல்லிவிடும். மலைவீதியில் எந்த இரண்டு வளைவுத் தொடர்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. இதற்குத் தேவையான உணரிகள் கைத்தொலைபேசியில் இருப்பவையே. அதை அசையாமல் வண்டியின் சட்டத்தில் பொருத்த வேண்டும், பாரத்தோடு உடல் சாய்வதைத் திருத்த வேண்டும். கோணம் 3 பாகையா 4 பாகையா என்ற துல்லியம் இதில் கிடைக்காது. போன வாரத்தைவிட இந்த வாரம் இந்த வளைவில் நழுவல் கூடியிருக்கிறதா என்பது கிடைக்கும்.

வீதிக்காரருக்கு வேண்டியதும் அதுதான். மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக முன்னெச்சரிக்கை விடுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியாபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் புதையுண்ட பிறகு அந்த எச்சரிக்கையின் அருமை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீதியின் பிடிக்கு அப்படி ஒரு வரைபடம் வேண்டும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், அதற்குக் கீழுள்ளவை மாகாணத்திடம், தோட்டத்துக்குள் இருப்பவை தோட்ட நிர்வாகத்திடமோ பிரதேச சபையிடமோ. யார் பொறுப்பு என்ற இழுபறியிலேயே பல வளைவுகள் மழைக்காலத்தைக் கழிக்கின்றன. நாள், நேரம், வளைவு, நழுவலின் அளவு என்ற நான்கு நிரல்களோடு ஒரு பதிவு இருந்தால், இன்ன வளைவு யாருடையது என்று கேட்கவாவது முடியும்.

பதுளை பசறை வீதியிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசலைக் கடந்துதான் லுணுகலை பஸ்கள் போகின்றன. இரண்டு லொறி, இரண்டு பஸ், ஒரு வருடம்: இளங்கலை மாணவர் குழு ஒன்றுக்குத் தாங்கக்கூடிய ஆய்வு இது. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஓகஸ்ட் செப்டெம்பர் வறண்ட நாட்களில் சாய்வுகளைப் பதிய வேண்டும். ஒக்டோபருக்குப் பின் நழுவல்களைப் பதியலாம். இடையில் ஓரிரு தடவை கொர்விட் போன்ற ஓர் உணரியை எங்கிருந்தாவது இரவல் பெற்று, மதிப்பீடு எவ்வளவு சரி என்று ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். டயரின் நிலையையும் பாரத்தையும் டிரைவரே தினமும் ஒரு வரியில் குறித்துக் கொடுத்தால், மாதிரிக்கு எட்டாத பாதி விடயம் அதில் வந்துவிடும். அந்தப் பட்டியல் வாரம் ஒருமுறை பதுளையிலுள்ள வீதிப் பொறியியலாளரின் மேசைக்கும் தோட்டத்து முகாமையாளரின் மேசைக்கும் போகட்டும். எந்த வளைவில் கானை முதலில் வெட்டுவது, எந்த ஓரத்தை முதலில் உயர்த்துவது என்று மண்வெட்டியோடு போகும் ஆட்களுக்கு அன்று காலையே சொல்லிவிடலாம்.